தோட்டா எங்கே போனது? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இதை எழுதுவது செப்டம்பர் 2021-இல், விலையும் விதியும் அன்றைய நிலவரம்தான். டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் பக்கம் துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சில் வார இறுதிகளில் பாதுகாப்புப் பொறுப்பாளராக நிற்கிறேன். வீட்டு கராஜில் 11 வருடமாக ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா ஆக்குவது, செய்கிறேன். "தோட்டாத் தட்டுப்பாடு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. கடையும் வைத்திருக்கவில்லை. அப்புறம், ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை விமானத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

கேள்வி (ஹூஸ்டன்): அண்ணா, ஒன்றரை வருடமாக 9 எம்எம் பிஸ்டல் தோட்டா ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அரசாங்கமே மொத்தமாக வாங்கிக்கொள்கிறது, கம்பெனிகள் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கின்றன என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இதே கதையை 2013 தட்டுப்பாட்டிலும் கேட்டேன். அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி தோட்டா வாங்குகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அது பல வருடங்களுக்கான ஒப்பந்த உச்ச வரம்பு. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2014-இல் கணக்குப் பார்த்தபோது, 2009-க்குப் பிறகு அந்தத் துறை வாங்கும் அளவு குறைந்தே வந்திருந்தது.

இந்த முறை நடந்ததை மளிகைக் கணக்கு மாதிரி போட்டுப் பார்க்கலாம். துப்பாக்கி வாங்கும்போது எஃப்.பி.ஐ. மூலம் நடக்கும் பின்னணிச் சோதனை 2019-இல் 2.84 கோடி, 2020-இல் 3.97 கோடி. ஒரு சோதனைக்கு ஒரு துப்பாக்கி என்று கணக்கில்லை, ஆனாலும் போக்கு தெரிகிறது அல்லவா? 2020-இல் முதல்முறையாக வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்கிறது துப்பாக்கித் தொழில் சங்கம். ஆளுக்கு 50 தோட்டாப் பெட்டி இரண்டே இரண்டு வாங்கினாலும் 84 கோடி தோட்டா. ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருந்த நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இதைச் சமாளிக்க மிஷினை இன்னும் வேகமாக ஓட்டினால் போதாதா என்றால், போதாது. தோட்டாவின் அடியில் கொத்தமல்லி விதை அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், அதுதான் பிரைமர். துப்பாக்கி ஊசி அதில் குத்தினால்தான் உள்ளே மருந்து பற்றும். இந்த நாட்டில் அதைப் பெரிய அளவில் செய்பவர்கள் நாலே நாலு பேர்: ஃபெடரல், சி.சி.ஐ., வின்செஸ்டர், ரெமிங்டன். அதில் ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. ஆர்கன்சாவில் லோனோக் என்ற ஊரில் இருக்கும் அதன் தோட்டா ஆலையை ஃபெடரல், சி.சி.ஐ. இரண்டையும் அப்போது கையில் வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் 8.14 கோடி டாலருக்கு வாங்கி, ஆட்களைத் திரும்பச் சேர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. கூட்டம் அலைமோதிய நேரத்தில் நாலு கடையில் ஒரு கடை பாதி ஷட்டரை இறக்கி வைத்திருந்த மாதிரி ஆகிவிட்டது.

மிச்சக் காரணம் நாம்தான். மாதம் ஒரு பெட்டி வாங்கியவன் இப்போது கண்ணில் பட்டால் ஐந்து பெட்டி எடுக்கிறான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்றால் தேவை இருக்கிறதோ இல்லையோ கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அதே புத்தி. 10 டாலருக்கு விற்ற 50 தோட்டா இந்த வருட ஆரம்பத்தில் 35, 40 வரை போனது. இப்போது 20 பக்கம் இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கும், பொறுங்கள்.

கேள்வி (சியாட்டில்): சார், நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். கிடைக்கும்போது தோட்டா மட்டும் வாங்கி வைத்துவிட்டு, கிரீன் கார்டு வந்ததும் துப்பாக்கி வாங்கலாமா?

பதில்: கூடாது. மத்தியச் சட்டப்படி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, ஒற்றைத் தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது. முறையான வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை என் பேச்சை நம்பிச் செய்யாதீர்கள். குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். வருடக்கணக்காக வரிசையில் நின்ற கிரீன் கார்டை ஒரு பெட்டித் தோட்டாவுக்காகப் பணயம் வைப்பீர்களா? கார்டு கையில் வந்தபின் மத்தியச் சட்டத்தில் இந்தத் தடை இல்லை.

கேள்வி (அட்லாண்டா): எஃப்1 மாணவன். அறை நண்பன் அமெரிக்கக் குடிமகன்...

பதில்: மேலே பாருங்கள். நண்பனின் பெட்டி உங்கள் அலமாரியில் இருக்கக் கூடாது.

கேள்வி (ஆஸ்டின்): கடையில் 9 எம்எம் இல்லை. ".380" ஒரு பெட்டியும் "9 எம்எம் மக்கரோவ்" ஒரு பெட்டியும் இருந்தன. எல்லாம் 9தான், ஓடும் என்றார் கடைக்காரப் பையன். வாங்கிவிட்டேன்.

பதில்: திருப்பிக் கொடுங்கள். எடுக்கவில்லை என்றால் பெட்டியைப் பிரிக்காமல் பொருத்தமான துப்பாக்கி வைத்திருப்பவருக்கு விற்றுவிடுங்கள். தட்டுப்பாட்டில் நான் பயப்படுவது விலைக்கு இல்லை, "கிட்டத்தட்ட அதே அளவுதான்" என்ற நினைப்புக்கு.

உங்கள் துப்பாக்கிக் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 9 எம்எம் லூகர், 9 எம்எம் பாரபெல்லம், 9x19 மூன்றும் ஒரே தோட்டாவின் பெயர்கள். .380 என்பது 9x17, கூடு 2 மில்லிமீட்டர் குட்டை. மக்கரோவ் 9x18, அதன் குண்டு உங்களுடையதைவிடக் கொஞ்சம் தடிமன். பெயரில் 9 இருப்பதால் மூன்றும் ஒன்றாகிவிடாது.

போன வசந்தத்தில் எங்கள் ரேஞ்சில் ஒருவர் 5.56 ரைபிளோடு வந்தார். தோட்டா அடுக்கும் மேகசினை மேஜையில் வைத்தபோது மேல் தோட்டாவின் மூக்கு வழக்கத்தைவிடத் தடியாக இருந்தது கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தேன்: 300 பிளாக்கவுட், வேறு ரைபிளுக்கான தோட்டா. அதே மேகசினில் அழகாக உட்காரும். சில சமயம் 5.56 ரைபிளில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளும் தள்ளிப் புகுத்திவிடலாம். சுட்டால் தடித்த குண்டு மெல்லிய குழலுக்குள் போக வழியில்லாமல் ரைபிள் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். அவர் "கடையில் இதுதான் சார் இருந்தது" என்றார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஷாட்கன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 20 கேஜ் தோட்டா மஞ்சளாக இருப்பது அழகுக்காக இல்லை. அது 12 கேஜைவிட ஒல்லி, 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் கதை முடிந்தது. சட்டைப் பையில் இரண்டையும் கலந்து வைக்காதீர்கள்.

கேள்வி (பே ஏரியா): கலிஃபோர்னியாவில் விலை தாங்கவில்லை. பக்கத்து நெவாடாவில் ரீனோ போய் காரில் அள்ளிக்கொண்டு வரலாமா?

பதில்: கூடாது. வெளி மாநிலத்தில் வாங்கியது உங்கள் ஊர் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் உங்கள் கைக்கு வர வேண்டும். 2019 ஜூலை முதல் உங்கள் மாநிலத்தில் தோட்டாவுக்கே பின்னணிச் சோதனை இருக்கிறது. துப்பாக்கி ஏற்கெனவே உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் 2021 கணக்கில் சோதனைக் கட்டணம் 1 டாலர், இல்லையென்றால் 19. 2020 ஏப்ரலில் ஒரு நீதிபதி அதை அமல்படுத்தத் தடை போட்டார், மேல் நீதிமன்றம் உடனே அவர் உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டது.

கேள்வி (சார்லட்): ரஷ்யத் தோட்டாவுக்குத் தடை என்கிறார்களே, டூலா என்ற ரஷ்யக் கம்பெனியின் பெட்டிகளை இப்போதே வாங்கி அடுக்கலாமா?

பதில்: 2021 செப்டம்பர் 7 முதல் புது இறக்குமதி அனுமதி கிடையாது. ஏற்கெனவே அனுமதி பெற்ற சரக்கு அந்த அனுமதி முடியும்வரை வரும். அதனால் நாளைக்கே அலமாரி காலியாகாது, அவசரப்படுகிறவர்கள்தான் காலியாக்குவார்கள். வாங்குமுன் உங்கள் ரேஞ்சில் கேளுங்கள். பல இடங்களில் எஃகு இருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி (டாம்பா): எல்1 விசா. மேலே எச்1பி பற்றிப் படித்தேன், எல்1க்கும் அதேதானா?

பதில்: அதேதான். எச்4-க்கும் அதேதான்.

கேள்வி (சான் அன்டோனியோ): ரீலோடிங் ஆரம்பித்தால் மிச்சமாகுமா?

பதில்: இப்போது ஆகாது. 1,000 பிரைமர் 30, 35 டாலருக்கு வாங்கிய காலம் போய் இன்று 100-க்கு மேல் கேட்கிறார்கள். தோட்டாவை அழுத்திச் செய்யும் பிரஸ், தராசு, அச்சு (டை) எல்லாம் வாங்கி, பிரைமர் இல்லாமல் கராஜில் உட்கார்ந்து பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

பிடித்துப் போய்ச் செய்வதென்றால் வாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போட மறந்த தோட்டா "டமால்" என்காது, "பொட்" என்னும். கை உதறாது. பிரைமரின் சக்தியில் மட்டும் குண்டு நகர்ந்து குழலின் நடுவில் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். இரண்டு மடங்கு மருந்து விழுந்தாலும் அதே கதிதான். அதனால் மேஜையில் போன் கிடையாது, கிரிக்கெட் கிடையாது. எனக்கு ஒருமுறை "பொட்" வந்திருக்கிறது, அன்றைக்கு ஓடியது சென்னை மேட்ச்.

கேள்வி (ஃபிரிஸ்கோ): "நாம்தான் காரணம்" என்றீர்கள். என் கராஜில் 12,000 தோட்டா இருக்கிறது. 2019-இல் தோட்டாவுக்கு 17 சென்ட் கொடுத்து வாங்கினேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டேன். நான் பதுக்கல்காரனா?

இவருக்கு நான் பதில் எழுதுவதற்குள் நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் குறுக்கே பாய்ந்தார்: "உங்களை மாதிரி ஆட்களால்தான் நான் வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கிய பிஸ்டலுக்கு ஒரு பெட்டிகூட இல்லாமல் ஏழு மாதமாக அலைகிறேன். 12,000 வைத்துக்கொண்டு யாரோடு போர்?" ஃபிரிஸ்கோ: "என் காசு, என் கராஜ். நீங்கள் 2019-இல் தூங்கினீர்கள்." நியூ ஜெர்சி: "2019-இல் எனக்குக் கிரீன் கார்டே இல்லை!" இப்படியே இருபது முப்பது பதில்கள். நடுவில் ஒருவர் அரிசிப் பஞ்சத்தை இழுத்தார், இன்னொருவர் போன வருட டாய்லெட் பேப்பரை இழுத்தார்.

பதில்: இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். சரக்கு மலிந்து கிடந்த 2019-இல் வாங்கியவர் யார் வாயிலிருந்தும் பிடுங்கவில்லை. சொல்லப்போனால் இப்போது வரிசையில் அவர் இல்லாதது உங்களுக்கு லாபம். நான் பதுக்கல் என்பது வேறு ஆட்களை. காலை ஆறு மணிக்கே கடை வாசலில் நின்று, லாரி சரக்கை இறக்கியதும் ஆளுக்கு மூன்று பெட்டி என்ற அளவை மச்சான், மாமனார் பெயரிலெல்லாம் வாங்கி, அதே பார்க்கிங்கில் மூன்று மடங்குக்கு விற்கிறார்களே, அவர்களை.

ஆனால் ஃபிரிஸ்கோகாரரே, உங்களிடம் ஒரு கேள்வி. ரீலோடிங்கும் செய்வேன் என்று நடுவில் சொன்னீர்கள். பிரைமர் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

ஃபிரிஸ்கோ: 18,000. பவுடர் (மருந்து) 12 பவுண்டு.

பதில்: பவுடர் சரி. வீட்டில் 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவில் வைக்கலாம் என்பது தீயணைப்பு விதித்தொகுப்பு. பிரைமருக்கு வீட்டில் வரம்பு 10,000. தீயில் முழுத் தோட்டா அகப்பட்டால், துப்பாக்கிக்குள் இல்லாததால் கூடுதான் கிழியும், குண்டு அவ்வளவு வேகம் எடுக்காது. பிரைமர் அப்படியில்லை. ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து போகும். அதனால்தான் அட்டைத் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி விற்கிறார்கள். தயவுசெய்து ஊறுகாய் பாட்டிலில் கொட்டி வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

(அரை மணி நேரம் ஃபிரிஸ்கோவிலிருந்து சத்தமே இல்லை.)

கேள்வி (நாஷ்வில்): அண்ணா, நான் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண். மாதம் ஒரே பெட்டிதான் கிடைக்கிறது. கை மறந்துவிடுமோ என்று பயம்.

பதில்: மறக்காது. தினம் பத்து நிமிடம் வெறும் துப்பாக்கியில் பழகுங்கள். தோட்டா முழுவதையும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். டம்மி தோட்டா போட்டு, பின்னால் ஆள் இல்லாத கெட்டியான சுவரைக் குறிவையுங்கள். முன் குறியின் மேல் ஒரு பத்து சென்ட் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கப் பாருங்கள். முதல் வாரம் விழுந்துகொண்டே இருக்கும். .22 துப்பாக்கி என்றால் கையேட்டைப் பார்க்காமல் வெறுமனே விசையைத் தட்டாதீர்கள், ஊசி அடிபடும். மாதம் கிடைக்கும் 50 தோட்டாவைத் தடவைக்கு 10 என்று பிரித்து ஐந்து முறை ரேஞ்சுக்குப் போங்கள், ஒரே நாளில் 50 வேண்டாம்.

கேள்வி (லபக்): மான் வேட்டை சீசனுக்கு .30-30 ரைபிள் தோட்டா ஒரே பெட்டிதான் இருக்கிறது, 20 தோட்டா.

பதில்: தாராளம். குறி சரிபார்க்க மூன்று, மிச்சம் 17. நடுவில் வேறு எடைக் குண்டு கிடைத்தால் மாற்றாதீர்கள், குறி நகரும்.

கேள்வி (பலர்): ஒரு இணையக் கடையில் பாதி விலைக்கு இருக்கிறது, கிஃப்ட் கார்டில்தான் பணம் வாங்குவார்களாம்...

பதில்: திருடர்கள்.

கேள்வி (டெட்ராய்ட்): டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். அங்கே விலை குறைவு என்று மாமா சொல்கிறார், வாங்கி வரலாமா?

பதில்: ஐயா, வேண்டாம். உங்கள் பேரில் உரிமம் இல்லாமல் அங்கே ஒரு தோட்டாவைத் தொடக்கூட முடியாது.

இதற்காகத்தான் ஆரம்பத்திலேயே பையைச் சொன்னேன். ரேஞ்சுக்குப் போன பையின் ஓரத் தையலில் ஒற்றைத் தோட்டா மாட்டிக்கொள்ளும். அமெரிக்க விமான நிலையத்தில் கண்ணில் படாமலும் போகலாம். திரும்பி வரும்போது சென்னை ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 25. தெரியாமல் பையில் இருந்தது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு ரத்தானவர்கள் உண்டு. அதுவரை ஊரிலேயே கிடந்து, லீவு முடிந்து, வேலை போகிற நிலைக்கு வந்து, வக்கீலுக்குக் கொட்டிக் கொடுத்த பிறகுதான். பையைத் தலைகீழாக உதறுங்கள். இல்லை, புதுப் பை வாங்குங்கள், 30 டாலர்.

கேள்வி (போர்ட்லாண்ட்): எச்1பி விசாவில் இருப்பவர் தோட்டா...

பதில்: அடுத்தவர்.

ஃபிரிஸ்கோ: அண்ணா, எண்ணிப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, பாதி பிரைமரை வாங்கின விலைக்கே கொடுத்துவிட்டேன், ஆயிரம் 32 டாலர். மிச்சம் 9,000, எல்லாம் அதனதன் அட்டையில். ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தது உண்மைதான்.

பதில்: 32 டாலரா? சிறிய பிஸ்டல் பிரைமர் இன்னும் ஒரு ஆயிரம் பிரிக்க முடியுமா? சனிக்கிழமை காலை வருகிறேன்.