இந்த வாரமும் சௌசௌதானா? காய்க்கூடை கேள்வி பதில்

ஏற்காட்டு மலையிலும் அடிவாரத்திலும் தோட்டம் வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களிடம், எங்கள் பக்கத்து வீடுகள் சில சேர்ந்து மாதப் பணத்தை முன்னதாகவே கட்டிவிடுகிறோம். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒரு கூடை வந்து இறங்கும், ஏறக்குறைய 5 கிலோ. உள்ளே என்ன காய் என்பது தோட்டத்துக்கும் மழைக்கும்தான் தெரியும். நான் சேலம் அஸ்தம்பட்டியில் 14 வருடம் மெஸ் நடத்தியவள். வந்த காயை வைத்து இலையை நிரப்பிப் பழகிய கை என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்கள் சந்தேகமென்றால் என்னிடம் வருவார்கள். இந்தப் புரட்டாசியில் கேட்டவற்றை எழுதி வைக்கிறேன்.

அழகாபுரம் தம்பி: அக்கா, வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். புதன்கிழமைக்குள் பாதிக்கூடை அழுகிவிடுகிறது. வாரத்துக்கு மெனு போட்டுச் சமைக்கலாமா?

மெனு அப்புறம் தம்பி. கூடை வந்ததும் அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுகிறீர்கள் அல்லவா, அங்கேதான் கோளாறு. தரையில் பழைய பேப்பரை விரித்து மொத்தத்தையும் கொட்டுங்கள். முதல் வேலை, முள்ளங்கி, பீட்ரூட், நூல்கோல் மூன்றுக்கும் தழையை வெட்டி எடுப்பது. தழை இருக்கும்வரை கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் விட்டால் முள்ளங்கி ரப்பர் மாதிரி வளையும். வெட்டிய தழையை எறிய வேண்டாம், ஒரு பிடி பாசிப்பருப்போடு பொரியல் செய்தால் அன்றைய வெஞ்சனம் முடிந்தது.

அடுத்து, எது முதலில் சாகும் என்று பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். கீரை, கொத்தமல்லி, புதினா சனி, ஞாயிறுக்குள். வெண்டை, பீன்ஸ், பீர்க்கன், கத்தரி செவ்வாய், புதனுக்குள். கேரட், பீட்ரூட், கோஸ், சௌசௌ எல்லாம் அதற்குப் பிறகு. பிடித்ததை முதலில் சமைத்தீர்களானால் பிடித்தது தீரும், பிடிக்காதது அழுகும். மெஸ்ஸில் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது குப்பைத்தொட்டிதான்.

இன்னொன்று. மேலே 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் விளைந்த காய், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி நம் ஊர் வெக்கைக்குள் வந்து விழுகிறது. வாடித்தான் வரும். கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்டின் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு 15 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கீரை நிமிர்ந்துவிடும். அப்புறம் நன்றாக உதறி, காய்ந்த பருத்தித் துண்டில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்தால் மறுநாளே கொழகொழவென்று ஆகும்.

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா: மூன்று வாரமாக சௌசௌ. கூட்டு வைத்து வைத்துப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சீவும்போது கை வேறு பிசுபிசுத்து, காய்ந்து, தோல் உரிந்த மாதிரி ஆகிறது.

கைக்கு முதலில். காயை இரண்டாக வெட்டி, வெட்டிய முகம் இரண்டையும் ஒன்றோடொன்று வட்டமாகத் தேயுங்கள். வெள்ளையாக நுரை தள்ளும். அதுதான் அந்தப் பிசின். கழுவிவிட்டு, உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சீவினால் தொந்தரவில்லை. பிஞ்சாக இருந்தால் சீவவே வேண்டாம். நடுவில் இருக்கும் கொட்டையும் சாப்பிடக்கூடியதுதான், அதைத் தோண்டி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கூட்டை விட்டுவிட்டுத் துவையல் அரைத்துப் பாருங்கள். ஒரு காயைத் தோலோடு பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் 10 நிமிடம் வதக்குங்கள். அதிலிருந்து விடும் தண்ணீர் முழுக்கச் சுண்ட வேண்டும், துவையலின் உயிர் அதில்தான் இருக்கிறது. தனியாக 2 கரண்டி உளுந்து, 4 வரமிளகாய், கொஞ்சம் புளி, ஒரு கைப்பிடி தேங்காய் வறுத்து, ஆறியதும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதீர்கள். சூடான சோற்றில் பிசைந்து கொடுங்கள். இது எந்தக் காய் என்று பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டாம். துருவிப் பணியார மாவில் கலந்துவிடுவது இன்னொரு வழி.

அவசரமில்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். நிழலில் வாரக்கணக்கில் இருக்கும். ஒரு நாள் அடி வாயிலிருந்து முளை எட்டிப் பார்க்கும். விதை காய்க்குள்ளேயே முளைத்துவிடும் ஜாதி அது, முழுக்காயைத்தான் நட வேண்டும். நான் ஒருமுறை மாடியில் நட்டேன். கொடி துணிக்கொடி வரைக்கும் ஓடியது, ஒரு காய் பிடிக்கவில்லை. அதற்கு மலைக்குளிர் வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து: மரவள்ளிக்கிழங்கு 2 கிலோ வந்திருக்கிறது. கிழங்குதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. கிழங்குகளிலேயே வைக்க முடியாத கிழங்கு இது. முதல் வருடம் நானும் அப்படித்தான் மாடிப்படிக்குக் கீழே 5 நாள் போட்டு வைத்தேன். வெட்டினால் உள்ளே நரம்பு நரம்பாக நீலக்கறுப்புக் கோடு. வெந்த பிறகும் மரக்கட்டை வாசம் போகவில்லை, மொத்தமும் உரக்குழிக்குப் போனது. பிடுங்கிய இரண்டு மூன்று நாளிலேயே அந்தக் கறுப்பு ஓட ஆரம்பித்துவிடும். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கு வந்ததும் அரைக்கப் பரபரப்பது அதனால்தான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம், நம் வீட்டுக்கு வந்த கிழங்கை மட்டும் மூலையில் போடுகிறோம்.

இன்று பாதியைச் சமையுங்கள். மீதியைத் தோல் சீவி, துண்டாக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் தினம் தண்ணீர் மாற்றி இரண்டு நாள் ஓட்டலாம். நீண்ட நாள் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான்.

சீவும்போது பழுப்புத் தோலை மட்டும் சுரண்டினால் போதாது. அதற்குக் கீழே ஒரு தடித்த பட்டை இருக்கிறது, கத்தியால் ஒரு கீறல் போட்டு நெம்பினால் சுருளாகக் கழன்று வரும். இந்தக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, பட்டையில் அதிகம். ஆலைக்கென்று நடும் கசப்பு ரகத்தில் இன்னும் அதிகம். அதனால் கொண்டுவருகிறவரிடம் இது சமையல் கிழங்குதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சையாக ஒரு துண்டுகூட வாயில் போட வேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வெந்ததை உதிர்த்து, கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, தேங்காய் தூவினால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கன்னங்குறிச்சி தங்கச்சி: முருங்கைக்கீரையை ஆய உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போகிறது. வேலைக்குப் போகிறவள் என்ன செய்வது?

ராத்திரி கிளையோடு ஒரு வேட்டித்துணியில் இறுக்கி மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் மூட்டையை உதறினால் இலை தானாகக் கொட்டும். ஒன்றிரண்டு ஈர்க்கைப் பொறுக்கினால் போதும்.

அம்மாபேட்டையிலிருந்து: பட்டர் ஃப்ரூட் நாலு வந்தது, கல் மாதிரி இருக்கிறது. குழம்பில் போடலாமா?

ஐயோ, வேண்டாம். அதைக் கொதிக்கவிட்டால் கசக்கும். மரத்தில் இருக்கும்வரை அது பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும், அதனால் கல்லாக வருவது சரிதான். அரிசிப் பானைக்குள் ஒரு வாழைப்பழத்தோடு புதைத்து வையுங்கள். தினம் காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள், அமுங்கினால் எடுத்துவிடலாம். நாலையும் ஒன்றாகப் புதைக்காமல் இரண்டு இரண்டாக வையுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் நாலும் பழுத்துத் தெருவுக்கே ஜூஸ் போட வேண்டிவரும். எனக்கு ஜூஸைவிட, மசித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சை பிழிந்து தோசைக்குத் தொட்டுக்கொள்வதுதான் பிடிக்கும். எலுமிச்சை சேர்த்தால் சீக்கிரம் கறுக்காது.

குகையிலிருந்து ஒரு பாட்டி: சுரைக்காய் கூட்டு லேசாகக் கசந்தது கண்ணு. வீணாக்க மனசில்லாமல் வெல்லம் போட்டுச் சரிக்கட்டலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம் பாட்டி, கொட்டிவிடுங்கள். வீணாக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நானே சொல்கிறேன். கசக்கிற சுரைக்காய் விஷம், கொதித்தாலும் போகாது, வெல்லத்துக்கும் அடங்காது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்விடும். இனிமேல் சுரை, பீர்க்கன் எதை நறுக்கினாலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டு வயிறு ஏதாவது செய்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணன்: பீட்ரூட்டைப் பார்த்தாலே மகன் எழுந்து போகிறான்.

சாயங்காலம் தட்டுவடை செட்டுக்கு மட்டும் தள்ளுவண்டி முன்னால் போய் நிற்கிறான் அல்லவா? அதற்குள்ளே இருப்பது என்னவாம்? பீட்ரூட்டையும் கேரட்டையும் மெல்லிசாகத் துருவி, வெங்காயம், கொத்தமல்லி சேர்த்து, உப்பும் எலுமிச்சையும் கடைசி நிமிடத்தில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுத் தட்டுவடை நமத்துப்போகும். ஒரு தட்டுவடையில் சிவப்புச் சட்னி, இன்னொன்றில் பச்சைச் சட்னி, நடுவில் துருவல். கூடையில் வந்த புதினா, கொத்தமல்லியும் பச்சைச் சட்னியில் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை செட் நாள். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், சிலருக்கு பீட்ரூட் அப்படித்தான்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: தக்காளி 3 கிலோ. எல்லாம் ஒரே நாளில் பழுத்துவிட்டது.

நேரம் இல்லையென்றால் கழுவித் துடைத்து முழுசாக ஃப்ரீசரில் போடுங்கள். வேண்டும்போது எடுத்துக் குழாயடியில் காட்டினால் தோல் சட்டை கழற்றுவது மாதிரி வரும். ரசத்துக்கும் குழம்புக்கும் அது போதும். நேரம் இருந்தால் தொக்கு. 2 கிலோவுக்கு 200 மில்லி நல்லெண்ணெய், எலுமிச்சை அளவு புளி. மிளகாய்த்தூளைத் தக்காளி சுண்டிய பிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் அடிப்பிடித்து நிறம் மங்கும். குமிழ் விட்டுத் தெறிப்பது நின்று, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது இறக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஈரக்கரண்டி படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம்.

அதே வீட்டிலிருந்து: கொத்தவரங்காயை இப்போதே வற்றல் போட்டுவிடலாமா?

ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது. இப்போது போட்டால் பூஞ்சைதான் காயும். மாசி, பங்குனி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காயை இன்றே பருப்பு உசிலி செய்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) முழுசாக வந்திருக்கிறது. வெட்டினால் தீராது, வெட்டாமல் விட்டால் மனசு கேட்கவில்லை.

மனசைக் கேட்க வைத்துவிட்டு வெட்டாமல் விடுங்கள். காம்போடு இருந்தால் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். வெட்டுகிற அன்று பக்கத்து வீட்டுக்குப் பாதி. நம் பாதியில் விதையையும் நாரையும் வழித்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள். தட்டப்பயறு வேகவைத்துப் போட்டுப் பொரியல் ஒரு நாள், புளிக்குழம்பு ஒரு நாள்.

மீண்டும் அழகாபுரம் தம்பி: உழவர் சந்தையில் இதே காய் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே அக்கா. கூடையால் என்ன லாபம்?

காசுக்கணக்கு பார்த்தால் சந்தைக்கே போங்கள், தப்பில்லை. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். நான் கூடையை விடாததற்குக் காரணம், பணம் முன்னாலேயே கையில் இருப்பதால் எங்களுக்கு நடுகிறவர் விலை சரிந்த வாரம் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவதில்லை. அப்புறம், சந்தையில் நான் ஒருநாளும் நூல்கோல் வாங்கியிருக்க மாட்டேன். உங்களுக்கு 5 கிலோ அதிகம். மேல்வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு கூடையைப் பங்கு போடுங்கள்.

அவரே: சரி, வெள்ளிக்கிழமை ராத்திரி அரை கேரட், நாலு பீன்ஸ், கால் கோஸ் என்று மிஞ்சுகிறதே, அதற்கு?

அரிசிம்பருப்பு சாதம். எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, 2 பங்கு அரிசிக்கு முக்கால் பங்கு துவரம்பருப்பு போட்டு, பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்துக் குக்கரில் விட்டால் மூன்று விசில். மேலே நெய். கோஸை மட்டும் இனிமேல் கத்தியால் இரண்டாகப் பிளக்காதீர்கள், வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து எடுத்தால் நடுக்குருத்து இரண்டு வாரம் அப்படியே இருக்கும். கூடையைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், சனிக்கிழமை காலையில் காலிக்கூடை கேட்பார்கள்.