மஞ்சள் விலைப் பட்டியலும் பேசும் கைப்பேசியும்

கேள்வி: எங்கள் விவசாயிகள் சங்கத்தில் வாரந்தோறும் ஈரோட்டு மஞ்சள் விலைப் பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப்பில் உறுப்பினர்களுக்கு அனுப்புகிறோம். செய்தித் தளங்களைத் தடங்கலின்றி வாசித்துக் காட்டும் தம் கைப்பேசி, எங்கள் கோப்பைத் திறந்தால் மட்டும் ஆங்கில எழுத்துகளை உளறுவதாகப் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் கூறுகிறார். கோளாறு எங்கே இருக்கிறது?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கோளாறு அவருடைய கைப்பேசியில் இல்லை, உங்கள் கணினியின் எழுத்துருவில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. நீங்கள் 'அம்மா' என்று அடிக்கும்போது திரையில் தமிழ் தெரிந்தாலும், கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. டாக்பேக் போன்ற திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, பதிவான குறியைத்தான் ஒலிக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறிகள் கொண்ட ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பழகிய விரல்கள்தாம் இன்னும் ஏற்கவில்லை. இனி ஒருங்குறியில் அடியுங்கள். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம்.

அதன் பிறகும் ஒரு பள்ளம் உண்டு. தலைவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டுமென்று அச்சிட்டு, அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால், ஒருங்குறி எழுத்தும் வெறும் படமாகிவிடும். (முத்திரை இல்லாத கடிதத்தை நம் சங்கங்கள் கடிதமாகவே மதிப்பதில்லை என்பதை நானும் அறிவேன்.) கையொப்பத்தை மட்டும் படமாக்கி, கோப்புக்குள்ளேயே செருகிவிடலாம்.

மின்னணு வடிவிலுள்ள தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டுவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், 42-ஆம் பிரிவில் கூறுகிறது. உங்கள் உறுப்பினரோ சட்டத்தைக் காட்டவில்லை, விலையைத்தான் கேட்கிறார். இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி நெடுவரிசை அமைத்தால், எந்த விலை விரலி மஞ்சளுக்கு, எது கிழங்கு மஞ்சளுக்கு என்று காதால் பிரித்தறிய முடியாது. முறையான அட்டவணையைச் செருகி, அதன் முதல் வரியைத் தலைப்பு வரியாகக் குறிக்க வேண்டும். நான்கே வரிப் பட்டியலுக்குக் கோப்பே தேவையில்லை என்பது என் கருத்து. 'விரலி, குவிண்டாலுக்குக் குறைந்த விலை இவ்வளவு, அதிக விலை இவ்வளவு' என்று வாட்ஸ்அப் செய்தியாகவே எழுதிவிடலாம்.

கோப்பாகத்தான் வேண்டுமெனில், அனுப்புமுன் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துச் செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஒருங்குறியில் அடித்திருந்தாலும், பிடிஎஃப்-ஆக மாற்றும்போது சில நேரங்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. அப்படி மாறியிருந்தால், அவருக்கு மட்டுமாவது வேர்டு கோப்பையே அனுப்பிவையுங்கள்.