டீகல் ஒட்டும் கலை: நம்ம ஊர் கிட் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கிட் என்றால் பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல். டீகல் என்றால் அதன் மேல் சின்னம், எண் வர, தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து இறக்கி ஒட்டும் மெல்லிய படம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 1/72 அளவு மிக்-21 போர் விமான மாடலின் இறக்கையில் ரவுண்டல் (விமானப்படையின் வட்டச் சின்னம்) ஒட்டினேன். காய்ந்ததும் அதைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்குகிறது. பசை போதவில்லையா?

பசை இல்லை தம்பி, காற்று. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டை லென்ஸில் பார், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். டீகலின் மெல்லிய படலம் மேடுகளின் மேல் மட்டும் உட்காரும், பள்ளங்களில் காற்று தங்கிவிடும். அந்தக் காற்றில் வெளிச்சம் பட்டுத்தான் மினுங்குகிறது. அதனால் பெயிண்டுக்கு மேல் பளபளப்பான கிளியர் கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் டீகல். மேட் கோட் அடிப்பது டீகல் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான். இதில் அவசரப்பட்டால் வேறு எந்த மருந்தும் காப்பாற்றாது.

ஒட்டியதை உரிக்க வேண்டாம். மெல்லிய ஊசியால் மினுங்கும் இடத்தில் சில துளைகள் போட்டு, டீகல் சாஃப்ட்னரை (படலத்தை இளக்கும் திரவம்) ஒரு சொட்டு வை. துளை வழியே உள்ளே இறங்கிப் படலத்தைப் படிய வைக்கும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பென்னாகரம்: டீகல் ஓரத்தில் வெள்ளைத் திட்டு படிகிறது. துடைத்தாலும் போகவில்லை.

போர் தண்ணீரா? நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் உங்கள் திட்டுக்குக் காரணம் கால்சியம், மக்னீசிய உப்புகள். தண்ணீர் ஆவியாகும், உப்பு நிற்கும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்குங்கள், மாதக்கணக்கில் வரும். பழுப்பாகக் கறை தெரிந்தால் அது டீகலின் பசை. ஈரப் பஞ்சால் ஒற்றினால் போய்விடும்.

ஓசூர்: டீகலுக்கான மைக்ரோ செட், மைக்ரோ சோல் திரவங்கள் இரண்டும் வேண்டுமா சார்? வினிகர் போதுமா?

செட் அடியில் பூசுவது, பிடிப்பு தரும். அதில் வினிகர் வாசனை வரும், தண்ணீர் கலந்த வினிகரும் அந்த வேலையை ஓரளவு செய்யும். சோலின் வேலையை வினிகர் செய்யாது. சோலை மேலே தடவினால் படலம் இளகி, பேனல் கோடுகளுக்குள் (மாடலின் மேல் தகடு இணைப்புபோல் கீறியிருக்கும் கோடுகள்) இறங்கும். தடவியதும் டீகல் சுருங்கி மடிந்து பயமுறுத்தும். அந்த நேரத்தில் கை வைக்கவே கூடாது! தானே இழுத்துப் படியும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரையும்.

அரூர்: பழைய கிட். டீகல் மஞ்சளாகிவிட்டது, தண்ணீரில் போட்டால் நொறுங்குகிறது.

மஞ்சளுக்கு நம்ம வெயில் போதும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள், நாள்பட மஞ்சள் வெளுக்கும். நொறுங்குவதற்கு, தாள் முழுவதும் கிளியர் லேக்கர் மெலிதாக ஸ்ப்ரே செய்யுங்கள். அதன்பின் எல்லா டீகலும் ஒரே படலமாகிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்ட வேண்டும். தேவைப்படாத ஒரு துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி: மே மாத வெயிலில் டீகலைச் சரியான இடத்துக்கு நகர்த்துவதற்குள் பிடித்துக்கொள்கிறதே?

ஃபேனை நிறுத்துங்கள், காலையில் வேலை செய்யுங்கள். ஒட்டும் இடத்தில் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். டீகலைத் தண்ணீரில் மிதக்க விடாமல், சில விநாடி நனைத்து ஈர டிஷ்யூ மேல் வையுங்கள், பசை கரைந்து போகாது. தாளிலிருந்து வழுக்கித்தான் இறக்க வேண்டும், தூக்கி வைக்கக் கூடாது. பிடித்துக்கொண்டால் ஈர பிரஷ்ஷால் ஓரத்தை நனைத்துக் காத்திருங்கள்.

தருமபுரி: டீகலை வீட்டு பிரிண்டரிலேயே அடிக்கலாமா?

எழுத்து, எண் என்றால் தாராளமாக. இங்க்ஜெட் என்றால் அடித்த பின் வார்னிஷ் போடாமல் நனைக்காதீர்கள், மை கரைந்து ஓடும். வெள்ளை நிறம் வீட்டு பிரிண்டரில் வராது. அதனால் நம் விமானப்படை ரவுண்டலைக் கிளியர் (நிறமில்லாத) டீகல் தாளில் அடித்தால் நடுவில் வரவேண்டிய வெள்ளை வளையம் விமானத்தின் சாம்பல் நிறத்திலேயே நிற்கும், காவியும் மங்கும். வெள்ளை டீகல் தாளில் அடித்து வட்டத்தை ஓரம் ஒட்டி வெட்டுங்கள், மூன்று நிறமும் துல்லியமாக வரும்.