புற்றுநோய்க்காக மார்பை எடுத்த பிறகு புதிதாக அமைத்துக்கொள்வதா, வேண்டாமா? கேள்வி பதில்

தங்கச்சிமடம்: அம்மாவுக்கு அடுத்த வாரம் மதுரையில் ஆபரேஷன். மார்பை எடுக்கும்போதே புதுசு வச்சுக்கிறீங்களான்னு கேக்குறாங்க. ரெண்டு நாள்ல சொல்லணுமாம்.

பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டியிருக்குமா என்று முதலில் கேளுங்கள். கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் 4 நெறிக்கட்டிகளுக்குக் குறையாமல் நோய் பரவியிருந்தாலோ பெரும்பாலும் வைப்பார்கள். புது மார்புக்காக உள்ளே வைக்கும் சிலிகான் பையைச் சுற்றி உடம்பு தானே ஒரு தழும்புச் சவ்வு கட்டும். கரண்ட் பட்டால் அந்தச் சவ்வு சுருங்கி இறுக வாய்ப்பு அதிகம். மார்பு கெட்டியாகி வலிக்கும், சிலருக்குப் பையையே எடுக்க நேரும். ஆகவே கரண்ட் நிச்சயம் என்றால் இப்போது மூடித் தைத்துவிட்டு, சிகிச்சை முடிந்து 6 மாதம் முதல் ஒரு வருடம் கழித்து யோசியுங்கள் என்பேன். 5 வருடம் கழித்தும் செய்யலாம். கரண்ட் தேவையில்லை என்றால் சேர்த்தே செய்வதில் லாபம் உண்டு: சொந்தத் தோல் மிஞ்சுவதால் வடிவம் நன்றாக வரும். எப்படியானாலும் அம்மாவிடமே கேளுங்கள். பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுக்கிற விஷயமில்லை இது.

பாம்பன்: நான் பாசி எடுக்கக் கடலுக்குப் போறவ. முதுகுச் சதையை எடுத்து வச்சா கை பழையபடி வருமா?

வீட்டு வேலைக்கு வரும். சில மாதங்களில் மற்ற தசைகள் ஈடுகட்டிவிடும். ஆனால் முதுகின் அந்த அகலமான தசைதான் தூக்கிய கையைக் கீழேயும் பின்னாலும் இழுப்பது. நீந்துவது, கயிறு இழுப்பது, தண்ணீரிலிருந்து வல்லத்தில் தொற்றி ஏறுவது எல்லாம் அதன் வேலை. அந்த பலம் குறைந்தே நிற்கலாம். கையை நம்பிப் பிழைக்கும் உங்களுக்கு இது கடைசி வழியாக இருக்கட்டும்.

வயிற்றிலிருந்து எடுப்பதில் இரண்டு விதம். தசையோடு எடுத்தால் வயிறு பலவீனமாகிப் பின்னால் பிதுங்கலாம். தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு மட்டும் எடுத்தால் தசை தப்பிக்கும். ஆனால் மைக்ராஸ்கோப் வைத்து நூல்போன்ற குழாய்களை ஒட்ட வேண்டும். 6 முதல் 8 மணி நேரம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் இரண்டு நாள் அடிக்கடி ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். குழாயில் ரத்தம் உறைந்தால் மறுபடி தியேட்டர்; அரிதாகச் சதை முழுவதும் கெட்டுப்போவதும் உண்டு. இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிற குழு இருக்கிற இடத்தில் மட்டும் சம்மதியுங்கள். மெலிந்த உடம்பென்றால் வயிற்றில் போதிய கொழுப்பு இருக்காது, அதையும் கேளுங்கள். 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது; கடலுக்கு எப்போது என்பதை டாக்டர் காயத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

சிலிகான் பையை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்தால், கையை அழுத்தும்போதெல்லாம் அது இழுபட்டு நகரும். நீந்துகிறவர்களுக்கு இது தொந்தரவு.

எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையைக் காப்பாற்றுங்கள். பார் (கடலடிப் பாறை) கிழித்த சிறு கீறலில் கிருமி புகுந்தால் கை வீங்கிவிடும். விரலில் துணி சுற்றுவது போதாது, தடித்த ரப்பர் கையுறை வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கீழக்கரை: எனக்கு ஒண்ணுமே வேண்டாம்னு தோணுது. சொந்தக்காரங்க விடமாட்டேங்குறாங்க.

வேண்டாம் என்பதும் முழுமையான முடிவு. புது மார்பு நோயைக் குணமாக்காது. பழைய தொடு உணர்ச்சியும் பெரும்பாலும் திரும்பாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே, “பின்னால் அமைக்கிற எண்ணமில்லை, தட்டையாக மூடுங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தோலை மிச்சம் வைக்கக்கூடும். அக்குள் ஓரத்தில் மடிப்பு தொங்கி ஜாக்கெட்டில் உரசும். முதல் 6 வாரம் உள்ளாடைக்குள் வைக்கப் பஞ்சு அடைத்த மெல்லிய துணிப் பை போதும். காயம் ஆறியதும் அதேபோல் வெளியே வைக்கிற, எடையுள்ள சிலிகான் வடிவம் வாங்கலாம். மற்ற மார்பு பெரிதாக இருந்தால் அந்த எடை தோள் சாய்வதைக் குறைக்கும்.

கீழக்கரை: வயித்துச் சதை எடுத்தா தொழுகையில சஜ்தா செய்ய முடியுமா?

ஆறிய பிறகு முடியும். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள். குனிந்து எழும்போது தையல் இழுபடும்.

தேவிபட்டினம்: உள்ளே பை இருந்தா, புற்று திரும்ப வர்றதை மறைச்சுடாதா?

மறைக்காது. அந்தப் பக்கத்தில் திரும்பினால் பெரும்பாலும் தோலிலோ அதன் அடியிலோ கட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். மற்ற மார்புக்கு வருடாவருடம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுங்கள்.

தொண்டி: செலவு எவ்வளவு ஆகும்?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், முன் அனுமதி எந்த ஆபரேஷனுக்கு என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் எழுத்தில் கேளுங்கள். முதல் ஆபரேஷனுக்கு மட்டுமா, இரண்டாவதற்கும் சேர்த்தா? தோலை விரிக்கும் தற்காலிகப் பை வைத்தால், ஒவ்வொரு தடவையும் 50 முதல் 100 மில்லி உப்புநீர் ஏற்ற வாரக்கணக்கில் மதுரைக்குப் போய்வர வேண்டும். பிறகு அதை எடுத்து நிரந்தரப் பை வைக்க இன்னொரு ஆபரேஷன். பஸ் செலவையும் இழக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நிரந்தரப் பையும் ஆயுளுக்கு வராது, பலருக்கு 10, 20 வருடத்தில் மாற்ற நேரும். சொரசொரப்பான மேற்புறம் உள்ள பை வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிய வகை நிணநீர்ப் புற்றோடு அதற்குத் தொடர்பு தெரிந்து, 2019-இல் ஒரு நிறுவனம் அப்படிப்பட்ட பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பையின் கம்பெனி, அளவு, வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள்.