4 ராத்திரில மராகேஷ், ஃபெஸ் ரெண்டும் வேணாம்

கல்யாண நாளுக்கு மொராக்கோ போய் 4 ராத்திரில மராகேஷ், ஃபெஸ்னு ரெண்டு ஊரும் முடியுமான்னு கேட்டீங்க, ஃபெஸ்ஸ விட்டுடுங்க, மராகேஷ் மட்டும் போதும். ட்ரெயின்ல ஒரு பக்கமே கிட்டத்தட்ட 7 மணி நேரம். மேப்ல பக்கத்துல தெரியறதாலதான் ப்ளான் இடிக்குதுன்னு நினைக்கிறேன்.

ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி, ரியாத் (நடுவுல முத்தம் வச்ச பழைய வீட்டுல நடத்தற தங்குமிடம்) வாசல் வரைக்கும் டாக்ஸி வருமான்னு மெசேஜ் போட்டுக் கேளுங்க, மதீனாவுக்குள்ள, அதாவது ஊரோட பழைய பகுதிக்குள்ள, பல சந்துல கார் நுழையாது, பெட்டிய தள்ளுவண்டில ஏத்திவிட்டு பின்னாடியே நடக்கணும். ஆனா உள்ள போய்ட்டா நடு முத்தத்துல ஆரஞ்சு மரம், தண்ணி விழற சத்தம், வெளி இரைச்சலே கேக்காது, இதுக்காகவே போகலாம்ங்க!

மராகேஷ்ல இருக்கற மஜோரெல் தோட்டத்துக்கு ஆன்லைன்ல நேரம் குறிச்சு டிக்கெட் எடுத்துடுங்க.

ரம்ஜான் மாசம்னா மட்டும் பகல்ல நிறைய சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், தேதிய பாத்துக்கோங்க.