அரசு கொள்முதலில் பெண்கள் நடத்தும் சிறு யூனிட்டுகளுக்கு 3% என்கிறார்களே, உண்மையில் கிடைக்கிறதா?

என் அக்கா பேரில் சின்ன யூனிட் இருக்கிறது, டெண்டர் போட்டால் 3% நமக்கென்று ஒதுக்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரோட்டுப் பக்கம் காடாத் துணியில் ஏப்ரன் தைக்கும் யூனிட் நடத்துகிறேன், என்னையும் சேர்த்து 11 பேர். மத்திய அரசு நிறுவனங்களுக்குச் சப்ளை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒவ்வொரு டெண்டரிலும் 3% எடுத்து வைக்க மாட்டார்கள். 2012-இல் வந்த கொள்முதல் கொள்கைப்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டு முழுக்க வாங்குவதில் 20% குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று இருந்தது. 2018-இல் அதை 25% ஆக்கினார்கள். அதற்குள் 4% எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு, 3% பெண்களுக்கு. வருடக் கணக்கில் பார்க்கும் இலக்கு அது. துடைப்பம், வாளி, குடை என்று 358 பொருட்களைச் சிறு யூனிட்டுகளிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு; உங்கள் பொருள் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்களுக்குக் கை கொடுத்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, இஎம்டி, அதாவது டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகை, கட்ட வேண்டாம். இன்னொன்று விலை. குறைந்த விலை போட்டவர் பெரிய கம்பெனி, 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 112 போட்டிருந்தோம். 15 சதவீதத்துக்குள் இருப்பதால் "100-க்குத் தருகிறீர்களா?" என்று கேட்டார்கள். சரி என்றால் ஆர்டரில் கால் பங்கு வரை கிடைக்கும். ஆனால் அந்த 12 ரூபாயை எங்கே குறைப்பது? நான் நூல் விலையையும் தையல் கூலியையும் இரவு முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன். கூலியில் கை வைக்காமல் முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவை, டெண்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள். வாங்கி விற்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். ஆர்டர் கிடைத்த பிறகு பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி (வேலையை ஒழுங்காக முடிப்போம் என்பதற்கான பிணைத்தொகை) கேட்டால் அதற்கு விலக்கு இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

உண்மையான கஷ்டம் பணம் வருவதில்தான். ஒரு நிறுவனத்துக்கு 2,400 ஏப்ரன் அனுப்பினோம். மூன்று மாதம் "இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை" என்றே சொன்னார்கள். அந்த மாதங்களில் சனிக்கிழமை சம்பளத்துக்கு என் வளையலை அடகு வைத்தேன். எங்களைக் காப்பாற்றியது டெலிவரி சலானில் அந்த நிறுவனத்தின் ஸ்டோர்ஸ்காரர் தேதியோடு போட்ட சீல். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

அந்தச் சட்டத்தின் பிரிவு 15, 16 என்று குறிப்பிட்டுக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் பணம் தாமதமானால் சிறு நிறுவனங்கள் புகார் செய்யும் சமாதான் என்ற அரசு இணையதளத்தில் புகார் பதிந்தேன். அந்தப் புகார், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். அங்கே நமக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, அவர்கள் அதை எதிர்த்து வழக்குப் போக வேண்டுமென்றால் 75% தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. புகார் பதிந்த ஐந்தாவது வாரம் அசல் வந்துவிட்டது. வட்டியை நான் வற்புறுத்தவில்லை, அடுத்த ஆர்டரும் அவர்களிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது. சட்டம் பக்கத்தில் நின்றும் ஒரு சிறு யூனிட் இப்படி வாயை மூடிக்கொள்ள வேண்டியிருப்பது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கடைசியாக ஒன்று, உரிமையோடு சொல்கிறேன். அக்கா பெயரை மட்டும் போட்டுவிட்டு நீங்கள் நடத்தாதீர்கள். பங்குதாரர் நிறுவனமாக இருந்தால் பெண்களுக்கு 51% பங்கு வேண்டும் என்று விதியே இருக்கிறது. தனி உரிமை என்றால் உரிமையாளர் அவரேதான். அரசு நிறுவனங்கள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தின் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கட்டும், ஓடிபி அவர் போனுக்கு வரட்டும். முதல் லோடு இறக்கும்போது அவரையும் கூட்டிப் போங்கள். சலானில் சீலும் தேதியும் விழுந்ததை அவர் பார்த்த பிறகு வண்டி கிளம்பட்டும்.