வயலுக்கு எப்போது இறங்கலாம்?

கேள்வி: வயது 61. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வயிற்றைக் கீறிச் சுரப்பியை முழுதாக எடுத்து ஏழு கிழமை. சலக்குழாய் கழற்றியாயிற்று. இருமினாலும் பாரம் தூக்கினாலும் சலம் கசிகிறது. பெரும்போகம் வருகிறது. மண்வெட்டி பிடிக்கலாமா? பயிருக்கு மருந்தடிக்கும் டாங்கி சுமக்கலாமா? சைக்கிள் ஓடலாமா?
- வாசகர், தம்பிலுவில்

பதில்: ஐயா, இப்போதைக்கு வயலுக்கு நடந்தே போங்கள். சுரப்பி இருந்த இடத்தில் சலப்பையைச் சலவழியோடு தைத்திருக்கிறார்கள். சைக்கிள் சீட் அழுத்துவது அதற்கு நேர் கீழே. மூன்று மாதம் கழிந்து, வைத்தியர் சம்மதித்த பிறகு ஏறுங்கள். உடம்பையே உலுக்கும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் அதுவரை வேண்டாம்.

முதல் ஆறு கிழமைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அது முடிந்ததும் நெல்மூட்டைக்குப் போய்விடாதீர்கள். வயிற்றுத் தையல் இன்னும் முழுப் பலம் பெறவில்லை, குடலிறக்கம் வரலாம். மண்வெட்டியை அரை மணித்தியாலத்தில் தொடங்கிக் கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள். 16 லீற்றர் டாங்கி நிரம்பினால் 20 கிலோவை நெருங்கும். மூன்று மாதத்துக்குப் பிறகும் முதலில் பாதியே நிரப்புங்கள். நிலத்திலிருந்து தூக்காமல் இடுப்பளவு உயரத்தில் வைத்துத் தோளில் மாட்டுங்கள்.

கசிவுக்குக் காரணம் உண்டு. சலத்தை அடைத்து வைத்த உள்வாய்த் தசை சுரப்பியோடு பெரும்பாலும் போய்விட்டது. மிச்சம் வெளிவாய்த் தசையும் இடுப்படித் தசையும்தான். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல இறுக்குங்கள். ஆணுறுப்பின் அடி சற்று உள்ளிழுத்தால் சரியான தசை. பத்து வினாடி இறுக்கி, பத்து வினாடி தளர்த்தி, பத்துத் தடவை. நாளுக்கு மூன்று வேளை. பலர் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்குகிறார்கள். அது சலப்பையை அமுக்கிக் கசிவைக் கூட்டும். சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். குனியும் முன், தூக்கும் முன் இறுக்கிக்கொள்வதே வயலில் கைகொடுக்கும். பின்னேரம் தசை களைத்துவிடும். பாரவேலையைக் காலையில் முடியுங்கள்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். வெயிலில் சலம் தடித்தால் சலப்பை எரிந்து இன்னும் அவசரப்படும். தேத்தண்ணியைக் குறைக்கலாம். கசிவுக்கு வைத்திருக்கும் பஞ்சுப் பட்டி (பேட்) வியர்வையில் ஊறினால் உடனே மாற்றுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு முட்டினால், கட்டி கட்டியாக இரத்தம் போனால், சலம் அடைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சலம் போகும் தாரை நாளுக்கு நாள் மெலிந்து வந்தால் சலப்பையைத் தைத்த இடம் சுருங்குகிறதோ என்று பார்க்கவேண்டும். கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். கசிவு முழுதாக அடங்கச் சிலருக்கு ஒரு வருடமும் எடுக்கும். புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையை, உடம்பு நன்றாக இருந்தாலும், தவறவிடவேண்டாம்.